சஹானாவும் வருமான வரிச் சட்டமும்

ஒரு நாவலை இன்னொருவர் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஒரு மாதம் அவர் முகத்தைப் படித்துப் பார்த்த காலம் ஒன்று இருந்தது என்றால், இன்றைக்கு இருபது வயதில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும்தான் சிரிக்கிறேன். ஆனால் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பெருமையும் கலந்திருக்கிறது. கைபேசியில் ஒரு தட்டுத் தட்டி நாற்பது பேருக்கு ஒரே நொடியில் அனுப்பிவிடும் சுட்டிக்குப் பின்னால் அனுப்பியவரின் நெஞ்சு அடித்துக்கொள்வதில்லை, நாங்கள் கொடுத்த புத்தகத்துக்குப் பின்னால் அது அடித்துக்கொண்டது. "சும்மா படிச்சுப் பாருங்களேன், நல்லா இருக்கும்" என்று ஏதோ சமையல் குறிப்பைக் கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டு, அவர் அதைப் படித்து முடித்துத் திருப்பித் தரும் வரை அவர் வீட்டுத் தெருவைத் தவிர்த்து, சுற்று வழியில் ஆபீஸ் போனவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். இருந்தால், மேலே படியுங்கள், நம்முடைய கதைதான்.

எண்பதுகளின் கடைசி. ஆணை நேசிக்கும் ஆண்கள் சென்னையில் கூடிப் பேசுவதற்கு இடம் எது என்று கேட்டால், எங்கள் பதில் திருவல்லிக்கேணி மேன்ஷன். இதைவிடப் பாதுகாப்பான இடத்தை அந்த நகரத்தில் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. மாடி மாடியாக அறை, அறைக்கு மூன்று கட்டில், கட்டிலுக்கு ஒரு பிரம்மச்சாரி, வராந்தா நெடுக லுங்கியும் பனியனும் காய்கின்றன. பெண் வாடையே ஆகாது என்று மேனேஜர் வாசலிலேயே போர்டு எழுதி மாட்டியிருந்தார். ஊரின் ஒழுக்கத்தைக் காக்க அவர் பட்ட பாடு எங்களுக்கு எவ்வளவு அனுகூலமாக இருந்தது என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேர் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், சீட்டாடுகிறார்கள் என்றுதான் நினைத்துக்கொள்வார். நாங்களோ உள்ளே உட்கார்ந்து எம்.டி. ராமநாதன் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஆமாம், அதற்குத்தான் கூடினோம். சல்லாபம் ஏதாவது நடந்திருக்கும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றம்தான். ஒருத்தர் எல்.ஐ.சி., ஒருத்தர் ரயில்வே, ஒருத்தர் கல்லூரி ஆசிரியர், நான் பேங்க். எங்கள் நால்வருக்கும் ஒருவரையொருவர் காதலிக்கும் உத்தேசம் துளியும் கிடையாது, ஆனால் மற்றவர் வைத்திருக்கும் கேசட்டின் மேல் அடங்காத மோகம் உண்டு. அகில இந்திய வானொலியில் சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணி தேசியக் கச்சேரி, நடுநடுவே பழைய வித்வான்களின் மறுஒலிபரப்பு, எல்லாவற்றையும் யாராவது ஒருவர் பதிவு செய்தாக வேண்டும், மறு வாரம் அதற்கு நாலு பிரதி வந்தாக வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு. இரட்டை டெக் வைத்த மெஷின் எல்.ஐ.சி.க்காரரிடம் மட்டும்தான் இருந்தது, அதனாலேயே அவருக்கு எங்கள் சபையில் தலைவர் அந்தஸ்து. கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதுவும் பதிவாகாது. உடைத்த பிறகு மனசு மாறினால் அந்த ஓட்டையின்மேல் செல்லோடேப் ஒட்டிக்கொள்ளலாம். எந்தக் கச்சேரிக்குப் பல்லை உடைப்பது, எதற்கு உடைக்காமல் விடுவது என்பதில் நாங்கள் நடத்திய வாக்குவாதங்களை நினைத்தால் கல்யாணச் சம்பந்தம் பேசியதுபோல் இருக்கிறது. உள்ளே செருகும் அட்டையில் கருப்பு மசியில் பாட்டு, சிவப்பு மசியில் ராகம், மூலையில் தேதி.

ராமநாதனின் சஹானா ஒன்றைப் பதிவு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எங்கள் வீட்டில் ரேடியோ தனி, டேப்ரிக்கார்டர் தனி. இரண்டையும் எதிரெதிரே உட்காரவைத்து, சுற்றித் தலையணை அடுக்கி, வீட்டில் எல்லோரையும் வாய் பேசாமல் இருக்கச் சொல்லி, அவர் அந்த அடிவயிற்றுக் குரலில் நிஷாதத்தின்மேல் போய் நிற்கிற இடத்தில் அம்மாவின் குக்கர் விசிலடித்தது. வேறு பதிவு கிடையாது, எனவே பல்லை உடைத்தோம். நாலு பிரதி, அதிலிருந்து எட்டு, அதிலிருந்து எத்தனையோ. நகரத்தின் பல வீடுகளில் அந்த சஹானா எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தோடு சேர்ந்தே ஒலித்தது. போன வருஷம் ஒரு பையன் என்னிடம் கைபேசியை நீட்டி, "சார், அபூர்வமான ரெக்கார்டிங், யாரோ யூடியூப்ல போட்டிருக்காங்க" என்றான். கேட்டேன். அதே இடத்தில் விசில். அம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது. அவள் ஆக்கிய பருப்பு வேகும் சத்தம் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கேட்கிறார்கள். அதைச் சொன்னதும் பையன் கண் கலங்குவான் என்று எதிர்பார்த்தேன். "அந்த நாய்ஸை எடுத்துடலாம் சார், அதுக்கு ஆப் இருக்கு" என்றான்.

மேற்கத்திய சங்கீதம் எங்களுக்குள் வந்தது கல்லூரி ஆசிரியர் வழியாக. அவர் கொண்டுவந்தது சைக்காவ்ஸ்கியின் ஆறாவது சிம்ஃபனி, பத்தேத்தீக். 1893 அக்டோபரில் தானே நின்று நடத்திய முதல் கச்சேரிக்குப் பின் ஒன்பது நாளில் மனுஷர் போய்ச் சேர்ந்துவிட்டார், அதைச் சமர்ப்பித்தது தன் பிரியத்துக்குரிய மருமகன் விளாடிமிருக்கு என்பதையெல்லாம் ஆசிரியர் தணிந்த குரலில் சொன்னபோது, புரிந்தவர்கள் புரிந்துகொண்டோம். ஆனால் கேட்பது லேசாக இல்லை. மூன்றாவது பகுதி ஒரு படை நடையாக ஏறி ஏறிப் போய் முழக்கத்தோடு முடியும். உலகம் முழுக்க ரசிகர்கள் அங்கே ஏமாந்து கைதட்டுவது வழக்கம், திருவல்லிக்கேணியும் தட்டியது. எல்.ஐ.சி.க்காரர் "மங்களம் ஆச்சு, டீ சொல்லட்டுமா?" என்று எழுந்தே விட்டார். "உட்காரும் ஓய், துக்கம் இனிமேல்தான்" என்றார் ஆசிரியர். நாலாவது பகுதி அழுதுகொண்டே இறங்கி, கடைசியில் செல்லோக்களும் அடித்தொண்டை பேஸ் வாத்தியங்களும் மட்டும் மிஞ்சித் தேய்ந்து போகும். எங்கள் பிரதியில் தேயாது. தொண்ணூறு நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கம் நாற்பத்தைந்து. சிம்ஃபனியோ அதற்குக் கொஞ்சம் மேலே. ஆகவே சைக்காவ்ஸ்கியின் மூச்சு நிற்பதற்கு முன்பே மெஷின் 'டக்' என்று நின்றுவிடும். அந்த 'டக்' எங்களுக்கு இசையின் பகுதியாகவே ஆகிவிட்டது. இப்போது பத்து நடத்துநர்களின் பத்தேத்தீக் முழுசாக என் கைக்குள் இருக்கிறது, கடைசி நிமிஷம் உள்பட. எல்லாம் அடங்கியபின் ஒரு குரல் வந்து வீட்டுக் கடன் வேண்டுமா என்று கேட்கிறது.

பத்தேத்தீக் வந்ததால் வந்தது 'மாரிஸ்'. ஈ.எம். ஃபார்ஸ்டர் 1913லும் 14லுமாக எழுதி, உயிரோடு இருந்தவரை அச்சுக்குத் தராமல், தட்டச்சுப் பிரதியாக நம்பிக்கையான நண்பர்கள் கையில் மட்டும் கொடுத்து வைத்திருந்த நாவல். அவர் 1970இல் போனார், புத்தகம் 1971இல் வந்தது. ஆணும் ஆணும் காதலித்துக் கடைசியில் சந்தோஷமாக இருக்கிறார்கள், அதுதான் அதில் குற்றம். கேம்பிரிட்ஜில் மாரிஸ் ஒரு ராத்திரி இன்னொருவன் அறைக்குள் போகிறான். அறைக்குச் சொந்தக்காரன் இல்லை, கிளைவ் என்பவன் உட்கார்ந்து பியானோலா ரோல்களைக் குடைந்துகொண்டிருக்கிறான். துளை போட்ட காகிதச் சுருள். பெட்டியில் மாட்டிக் காலால் மிதித்தால் பியானோ தானாக வாசிக்கும். அவன் தேடுவது பத்தேத்தீக். இரண்டு பேருமாகச் சுருள்களைத் தூக்கிக்கொண்டு வேறோர் அறைக்குப் போய்ப் போட்டுக் கேட்கிறார்கள், காதல் ஆரம்பிக்கிறது. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் போயிற்று. நாங்கள் சனிக்கிழமை சனிக்கிழமை செய்துகொண்டிருந்ததை யாரோ ஒரு வெள்ளைக்காரர் முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே எழுதி, எங்களைப் போலவே கைக்குக் கை சுற்றவிட்டிருக்கிறார் என்றால் எப்படித் தூங்குவது! தவிரவும் தூங்க நேரமில்லை. ரயில்வே நண்பருக்கு வேண்டிய ஒருவர் பம்பாயிலிருந்து கொண்டுவந்த பிரதி அது, மறுநாள் அவரோடு தாதர் எக்ஸ்பிரஸில் திரும்பிப் போக வேண்டும். விடிவதற்குள் படித்து முடித்து, விடிந்ததும் ஸெராக்ஸ்.

மயிலாப்பூர்க்காரன் மயிலாப்பூரில் ஸெராக்ஸ் எடுக்கலாமா? புரசைவாக்கம் போனேன். கடைப் பையன் புத்தகத்தைப் பிரித்து ஒவ்வொரு பக்கமாகக் கண்ணாடியில் கவிழ்க்கும்போதெல்லாம், இந்தப் பக்கத்தில் மாட்டிக்கொள்வேன், இதில் இல்லாவிட்டால் அடுத்ததில், என்று வியர்த்துக்கொண்டு நின்றேன். அவன் கேட்டது ஒரே கேள்வி: "பேக் டு பேக்கா சார், சிங்கிளா?" அவனுக்கு ஃபார்ஸ்டரும் ஒன்றுதான், குலாம் காதரின் பட்டா சிட்டாவும் ஒன்றுதான். ஓரத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஓரெழுத்து வெட்டுப்பட்ட அந்தப் பிரதியை ஸ்பைரல் போட்டு, பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, அதன்மேல் உலகத்தில் எவரும் விரும்பித் தொடாத ஒரு தலைப்பை எழுதி வைத்தேன்: வருமான வரிச் சட்டம்.

அடுத்த வீட்டு மாமா ரிட்டயரானவர் என்பதையும் மார்ச் மாதம் என்று ஒன்று உண்டு என்பதையும் யோசிக்கவில்லை. "எம் பிள்ளைகிட்ட வரிப் புஸ்தகம் பெருசா ஒண்ணு இருக்கு, ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சுப் படிக்கிறான்" என்று அம்மா பெருமைப்பட்டிருக்கிறாள். மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணாடியும் பென்சிலுமாக வந்து நின்றார். "அது பழசு மாமா, சட்டம் மாறிடுச்சு" என்று எப்படியோ சொல்லி அனுப்பினேன். மாற வேண்டிய சட்டம் மாறுவதற்கு இன்னும் முப்பது வருஷம் கிடந்தது.

ஆணோடு ஆண் சேர்வதைக் குற்றமாக்கிய அந்தச் சட்டத்தின் கீழ் எங்களைப் பிடிக்கலாம் என்ற பயம் ஒரு பக்கம் இருக்க, டிசம்பர் மாதம் சபா சபாவாகப் போய் உட்கார்ந்தால் வேறொரு வேடிக்கை. கச்சேரியின் பிற்பகுதியில் வித்வான், மீசையும் ஜரிகை வேட்டியுமாக, க்ஷேத்ரய்யாவின் பதம் ஒன்றை எடுப்பார். பதினேழாம் நூற்றாண்டுத் தெலுங்கு. முவ்வகோபாலனுக்காக ஏங்கும் பெண்ணின் குரல். வராதவனை நினைத்து உருகுவார், வந்தவனிடம் ஊடுவார், தோழியைத் தூது விடுவார். முன்வரிசையில் நெற்றியில் பட்டையும் நாமமுமாக இருக்கும் மாமாக்கள் "ஆஹா" என்று தலையாட்டுவார்கள். ஓர் ஆண் இன்னோர் ஆணுக்காக இத்தனை பகிரங்கமாக உருகுவது அந்த நகரத்தில் ஏ.சி. ஹாலில் டிக்கெட் போட்டு நடந்தது. எந்தப் போலீஸும் வரவில்லை. பால்கனியில் நாங்கள் நாலு பேர் ஒருவர் முழங்கையை ஒருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கே.வி. நாராயணசாமி பாட ஆரம்பித்தால் இடிப்பதும் நின்றுவிடும். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சிதம்பரத்து எல்லையில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்கும் அந்த மாஞ்சி ராகப் பாட்டை அவர் பாடினால் கேட்கிற ஒவ்வொருவரும் தான் நிற்கும் வாசலை நினைத்துக்கொள்வார்கள். எங்களுக்கும் ஒரு வாசல் இருந்தது.

இந்த உயர்ந்த ரசனையெல்லாம் சேர்ந்து எங்களுக்குள் ஒரு திமிரை வளர்த்திருந்தது என்பதை இப்போது சொன்னால்தான் கணக்குச் சரியாகும். நம்மைப் போன்றவன் என்றால் ஃபார்ஸ்டர் படித்திருக்க வேண்டும், சஹானாவுக்கும் த்விஜாவந்திக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதப்படாத நுழைவுத் தேர்வே வைத்திருந்தோம். அப்படி இருக்கையில் வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு பையன் வந்தான். லேத் பட்டறையில் வேலை, கையில் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' கேசட். தியாகராஜருக்கும் பாக்கிற்கும் சமர்ப்பணமாக 1986இல் வந்தது. அந்த அறையில் இருந்த எங்கள் எவரையும்விட அவர் இரண்டு சங்கீதத்தையும் நன்றாக அறிந்தவர். ஆனால் சினிமாக்காரர் அல்லவா? நாங்கள் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டே கேட்டோம். நான் என் பழுப்பு அட்டைப் புதையலை அவனிடம் நீட்டினேன். பிரித்துப் பார்த்தான். "அண்ணே, இங்கிலீஷா?" என்றான். "தமிழ்ல இல்லையா?" அதற்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை; கல்லூரி ஆசிரியர் மட்டும், தமிழில் அதெல்லாம் எழுத மாட்டார்கள் என்று தீர்ப்புச் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பையன் ஒரு புத்தகத்தோடு வந்தான். கரிச்சான் குஞ்சு எழுதிய 'பசித்த மானிடம்', 1978. வேத பாடசாலை உலகத்தை உள்ளும் புறமும் அறிந்த எழுத்தாளர். பெரிய மனிதர்களின் ஆசைக்குக் கணேசன் என்ற பையன் ஆளாவதையும், பின்னால் அவன் தொழுநோயாளியாக அலைவதையும் கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறார். காதல் கதை இல்லை, யாருக்கும் சந்தோஷ முடிவு இல்லை. ஃபார்ஸ்டரின் காதலர்கள் தஞ்சம் புகும் பச்சைக் காட்டை அதில் தேடினால் கிடைக்காது. ஆனால் இருந்தது, தமிழில், பத்து வருஷமாக. அவன் அதை எங்கே வாங்கினான் என்று கேட்டோம். கிளை நூலகத்தில், தன் சொந்த உறுப்பினர் அட்டையில். முதல் பக்கத்தில் அரசாங்க முத்திரை, பின்னால் திருப்பித் தர வேண்டிய தேதிச் சீட்டு, எந்த அட்டையும் போடாமல் பல்லவன் பஸ்ஸில் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான். எங்கள் முகங்கள் எப்படி இருந்தன என்பதை நல்ல வேளையாக நான் பார்க்கவில்லை. அப்புறம் தேர்வு நடத்துவதை விட்டுவிட்டோம்.

அந்தச் சபை எப்போது கலைந்தது என்று சரியாகச் சொல்ல முடியாது. ரயில்வே நண்பருக்கு வீட்டில் கல்யாணம் செய்துவைத்தார்கள். பத்திரிகையை மேன்ஷனுக்கே நேரில் கொண்டுவந்து கொடுத்தார், நாங்களும் போய் மொய் எழுதினோம். சீடி வந்தது, கேசட் மெஷினுக்கு ஹெட் கிடைப்பது நின்றது. 1994இல் ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்' வந்தபோது அதற்கு நான் பழுப்பு அட்டை போடவில்லை. கொழும்பில் சேலை கட்டி மணப்பெண்ணாக விளையாடும் ஒரு தமிழ்ச் சிறுவனை ஆங்கிலத்தில் படித்துவிட்டு, அதைப் பட்டறைப் பையனுக்கு வாய்ச்சொல்லாகவே கதை கதையாகச் சொன்னேன். 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் கதவைத் திறந்தது, 2013இல் உச்ச நீதிமன்றம் சாத்தியது, 2018 செப்டம்பர் 6ஆம் தேதி அதே உச்ச நீதிமன்றம் மறுபடி திறந்தது. அன்று தொலைக்காட்சி பார்த்துவிட்டு நான் முதலில் செய்தது, அலமாரியில் அடுத்த வீட்டு மாமாவுக்குக் கொடுக்காமல் ஒளித்த அந்த ஸ்பைரல் இருக்கிறதா என்று தேடியது. இருந்தது, கரப்பான் ஓரம் தின்றிருந்தது.

இப்போது எனக்கு ஒரு புதுச் சபை வாய்த்திருக்கிறது. இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். காபிக் கடையில் கண்ணாடிச் சுவரை ஒட்டிய மேஜையில், தெருவில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்க உட்கார்ந்து, தன்பாலீர்ப்பு இலக்கியம் என்று வாய் நிறையச் சொல்லிப் பேசுகிறார்கள். தமிழிலேயே எழுதுகிறார்கள், பதிப்பிக்கிறார்கள், புத்தகக் காட்சியில் வாங்கிக் கையெழுத்தும் கேட்கிறார்கள். முதல் தடவை நான் பழக்க தோஷத்தில் கதவுக்கு முதுகு காட்டாத நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன். ஒரு பெண், "ஏன் அங்கிள், ஏசி காத்து படுதா?" என்று கேட்டாள். நான் ஒரு பாட்டைச் சொல்லி வாய் மூடுவதற்குள் ஏழு பேரிடம் ஏழு சுட்டி போய்விடுகிறது, ஏழு கட்டைவிரல் திரும்பி வருகிறது, யார் கேட்டார்கள் என்று மட்டும் தெரிவதில்லை. என் கேசட்டுகளை ஒருவன் கெஞ்சி வாங்கிப் போனான்; மெஷின் இருக்கிறதா என்றால் இல்லை, அலமாரியில் அடுக்கினால் படத்தில் அழகாக விழுமாம். இன்னொருவனுக்கு அந்த வருமான வரிச் சட்டம் வேண்டும், ஸ்கேன் செய்து ஆவணக் காப்பகத்தில் வைக்க. எந்த ஆண்டு நகலெடுத்தது, எந்தக் கடை, அட்டை போட்டது யார் என்று படிவம் நிரப்பினான். நான் ஒளித்து வைக்கப் பட்ட பாட்டில் பாதிகூட அவனுக்கு அதைக் காட்சிக்கு வைப்பதில் இல்லை.

பயந்து பயந்து வாழ்ந்ததைப் போய் இனிமை என்று சொல்கிறேனா? அப்படிச் சொன்னால் என்னை அறைய வேண்டும். ஆனாலும் சனிக்கிழமை ஆறு மணிக்கு அந்த மேன்ஷன் படியேறும்போது, சட்டைக்குள் ஒரு கேசட் நெஞ்சில் சில்லென்று ஒட்டிக்கொண்டிருக்கும், அது மட்டும் இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லையே என்று ஒரு கிழட்டு வருத்தம், அவ்வளவுதான்.

போன மாதம், விசிலை எடுத்துவிடலாம் என்று சொன்ன அதே பையன், ராமநாதனை இப்போது தினமும் கேட்பதாகச் சொன்னான். எனக்கு உச்சி குளிர்ந்தது. "எப்படிப்பா இருக்கு?" என்றேன். "சூப்பரா இருக்கு சார், ஒன்றரை ஸ்பீடுல போட்டுக் கேட்கிறேன். அப்பதான் நார்மலா இருக்கு." டைகர் வரதாச்சாரியாரின் சிஷ்யரை, சவுக்க காலத்துக்கென்றே பிறந்த மனுஷரை, ஊரே மெதுவு என்று முணுமுணுத்தபோதும் தன் நடையை ஒரு அட்சரம் மாற்றிக்கொள்ளாதவரை, ஒன்றரை மடங்கு வேகத்தில்! கலைஞன் கொடுக்கிற நேரத்தை அவன் கொடுத்தபடியே வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது பற்றி நான் பத்து நிமிஷம் பேசினேன். பையன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான்.

"சார், ஒரு சந்தேகம்" என்றான் முடிவில். "மாரிஸை நீங்க ஒரே ராத்திரியில படிச்சு முடிச்சேன்னு சொன்னீங்களே, அது என்ன ஸ்பீடு?"

அன்றைக்குக் காபிக்கு நான்தான் காசு கொடுத்தேன்.